திங்கட்கிழமை போயா வந்தால் எங்கே போகலாம்?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். கணவருக்குப் புடவைக்கடை, சனி இரவுதான் பூட்டுவார். திங்கட்கிழமை போயா (பூரணை நாள் விடுமுறை) வந்தால்தான் எங்களுக்கு இரண்டு நாள் சேர்ந்து லீவு. போன முறை நுவரெலியா போனோம். பாதி நேரம் வானுக்குள்ளேயே கழிந்தது. மாமி சோமவார விரதம் பிடிப்பவர், முழங்கால் வலியும் உண்டு. பிள்ளைகளுக்கு 8, 11 வயது. அவர்கள் மறக்காத மாதிரி எங்கே போகலாம்? மகனுக்குப் பாடசாலையில் பொது அறிவுப் போட்டியாம், திங்கட்கிழமை பற்றி ஏதாவது சொல்லிக் கொடுங்கள்.

பதில்: மே முதல் செப்டம்பர் வரைக்குள் அந்தப் போயா வந்தால் திருகோணமலைக்குப் போங்கள். வானை மறந்துவிட்டு, சனி இரவு கடை பூட்டியதும் கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயில் ஏறுங்கள்.

நுவரெலியாவில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் புறப்பட்ட நேரம்தான் பிழை. நீண்ட வார இறுதியில் கொழும்பே சனி, ஞாயிறு விடியலில் கண்டி வீதியில் நிற்கும், திங்கள் பின்னேரம் அதே வீதியில் திரும்பும். மீரிகமவிலிருந்து குருணாகல் வரை அதிவேக வீதி இருக்கிறது, சரி. மீரிகமவுக்குப் போய்ச் சேர்வது யார்? இரவு ரயிலில் பிள்ளைகள் நித்திரை கொள்ளும் நேரத்தில் தூரம் முடிந்துவிடும். திங்கள் இரவு ரயிலில் திரும்பினால் அந்த இரண்டு நாளும் முழுதாக உங்கள் கையில். செவ்வாய்க் காலை பிள்ளைகள் கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு பள்ளிக்குப் போவார்கள், அவ்வளவுதான்.

ஆசன முற்பதிவு 30 நாளுக்கு முன்பு தொடங்கும். போயா சேர்ந்த வாரம் என்றால் முதல் நாளே பதியுங்கள். மாமியை முற்பதிவில்லாத பெட்டியில் ஏற்றும் யோசனையே வேண்டாம். மழை, மண்சரிவு என்றால் சேவை நிற்கலாம், ஆகவே புறப்படும் நாளும் ஒருமுறை விசாரியுங்கள்.

ஞாயிறு காலை இறங்கியதும் மாமியைப் படுக்க விடுங்கள். பின்னேரம் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். சின்னச் சின்னக் கட்டுக் கிணறுகள் ஏழு, பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றிலும் சூடு வேறு. உள்ளே இறங்கிக் குளிப்பதில்லை, வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வதுதான். எது அதிகச் சூடு என்று பிள்ளைகளை விரல் வைத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஏழையும் இரண்டு சுற்றுப் பார்த்தும் அண்ணனும் தங்கையும் ஒத்துப்போகாமல் அடிபடுவதை நான் கண்டிருக்கிறேன். தாயின் கிரியைக்காக இராவணன் உண்டாக்கியவை என்ற கதையை மாமி சொல்லட்டும், அவர் சொன்னால்தான் ருசி. துவாயும் மாற்றுடுப்பும் மறக்கவேண்டாம். பிறகு உப்புவெளிக் கடற்கரை, இருட்டும் வரை.

திங்கள் காலை கோணேசர் கோயில். சோமவாரத்தில் கோணேஸ்வரம் என்றால் மாமி முழங்கால் வலியையும் மறப்பார். ஆனால் ஒன்று: திங்களன்று இராகுகாலம் 7.30 முதல் 9 வரை. 7 மணிக்கே விடுதியை விட்டு வெளிக்கிடாவிட்டால் அவர் 9 வரை அசையமாட்டார், அதற்குள் வெயில் ஏறிவிடும். கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் நிற்கும், பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். மேட்டில் மாமிக்கு ஆட்டோ பிடியுங்கள். புறாத்தீவை இந்த முறை விடுங்கள். போயா லீவுக் கூட்டத்தில் படகுக்கு வரிசையில் நிற்பது சுற்றுலா அல்ல.

நவம்பர் முதல் ஜனவரி வரை கிழக்கில் மழை. அப்போது தெற்கே தெவிநுவர, தங்காலைப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும். தொண்டீஸ்வரம் என்ற பழைய சிவன் கோயில் இருந்த ஊர் தெவிநுவர என்பதால் மாமிக்கும் மனக்குறை இராது. பெப்ரவரி, மார்ச் என்றால் நான் மன்னாரைத்தான் சொல்வேன்: கேதீச்சரத்துக்குப் போய்விட்டு, வங்காலையில் பறவைகள் பார்க்கலாம். ஜூன் மாதத்துப் போசன் போயாவில் மட்டும் அநுராதபுரப் பக்கம் தலை வைக்கவேண்டாம், யாத்திரிகர் கூட்டம் நெரியும்.

கலண்டரில் இன்னொன்றும் பாருங்கள். போயா அரச, வங்கி, வர்த்தக விடுமுறை மூன்றும். தீபாவளி அப்படி இல்லை, வர்த்தக விடுமுறைப் பட்டியலில் வராது. 2025 ஒக்டோபரில் 6ஆம் திகதி போயா, 20ஆம் திகதி தீபாவளி, இரண்டுமே திங்கள். முதலாவதில் எல்லாருக்கும் லீவு, இரண்டாவதில் தனியார் வேலைக்காரர் பலருக்கு வேலை. பயணத்தை நிச்சயிக்க முன் கடை ஆட்களுக்கு அன்று லீவா என்று கணவரிடம் கேட்டுவிடுங்கள். வெளிநாடு போகும் யோகம் வந்தால் டில்லி செங்கோட்டையும் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகமும் திங்களில் பூட்டு. தாஜ்மகாலுக்கு வெள்ளி, வண்டலூர் மிருகக்காட்சிச் சாலைக்குச் செவ்வாய்.

இனி மகனுக்கு. திங்கள் என்றால் தமிழில் நிலவு. சிங்களத்தில் திங்கட்கிழமை 'சந்துதா', அதுவும் நிலவின் பெயரில் வந்தது. ஆங்கிலத்து மண்டே, பிரெஞ்சு லண்டி எல்லாம் அதே கதை. போயாவும் பூரணை நாள் என்பதால், திங்களில் வரும் போயா இரட்டை நிலா நாள். 1966 முதல் 1971 வரை இலங்கையில் சனி, ஞாயிறு வார விடுமுறையே இல்லை; நிலவின் கால் பிறைகளைக் கணக்கிட்டுத்தான் லீவு. ஞாயிறும் வேலைக்குப் போன காலம் அது. அப்பப்பா, அம்மப்பா யாராவது இருந்தால் கேட்கச் சொல்லுங்கள், நன்றாகத் திட்டுவார்கள்.

கடைசியாக ஒன்று, போட்டியில் வேறு யாரும் சொல்ல வாய்ப்பில்லை. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 24 வருடம் கழித்து மறுபடி யாழ்ப்பாணத்துக்கு வந்தது 2014 ஒக்டோபர் 13. அன்று திங்கட்கிழமை.