வலை வளைக்கப் போகுமுன் வரும் கனவு
உறக்கமும் மனமும்: வாசகர் கேள்வி பதில்
(பதில் தருபவர்: திருகோணமலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்)

கேள்வி: நான் நிலாவெளியில் கரைவலைத் தொழில் செய்கிறேன். விடியுமுன் எழுந்து தேநீர் குடித்துவிட்டு, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் கூப்பிடும்வரை கரையிலுள்ள வாடிக் குடிசையில் மறுபடி சாய்வேன். அப்போதெல்லாம் ஒரே நினைப்புத்தான்: சொந்தமாக எஞ்சின் வள்ளம் வாங்கிப் புறாமலைத் தீவுப் பக்கம் ஓட்டிப் போவது. சில நாட்களில் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வள்ளத்தில் நிற்கிறேன். முகத்தில் காற்றடிக்கிறது. ஆனால், இது கனவு, உடம்பு வாடியில் கிடக்கிறது என்பதும் தெரிகிறது. அம்மா காத்துக் கறுப்பு என்று பயப்படுகிறார். இது மனக்கோளாறா? விரும்பியபோது வரவழைக்க முடியுமா?
(வாசகர், நிலாவெளி)

பதில்: தம்பி, கோளாறு எதுவும் இல்லை. முதலில் அம்மாவிடம் போய் அதைச் சொல்லுங்கள். கனவென்று தெரிந்தே காணும் கனவு இது. நெதர்லாந்து மனநல மருத்துவர் ஃபிரடெரிக் வான் ஈடன் தமக்கு வந்த இத்தகைய கனவுகளைக் குறித்துவைத்து, 1913இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அவை எல்லாமே காலை ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில் வந்தவை என்று எழுதியிருக்கிறார். நீங்கள் வாடியில் சாயும் நேரத்துக்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

காரணம் இதுதான். நம் உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் இமைக்குள் கண்கள் விரைந்து அசையும் கட்டம் ஒன்று வரும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான். முன்னிரவில் அது சில நிமிடங்களே. விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும். நீங்கள் எழுந்து தேநீர் குடித்து அறிவைத் தெளிவாக்கிக்கொண்டு, அந்த நேரத்தில் பார்த்து மறுபடி சாய்கிறீர்கள். உடம்பு நேரே கனவுக் கட்டத்துக்கு இறங்கப் பார்க்கிறது; அறிவு இன்னும் அணையவில்லை. நினைப்பு கனவாக மாறும்போது நீங்கள் அதைக் கண்ணாரக் காண்பது அதனால்தான்.

அந்த மாறும் கணம்தான் இதில் எனக்கு மிகப் பிடித்தது. விடியற்காலையில் விழிப்பு வந்துவிட்டால் நான் சாய்மனைக் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடி, பிரட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில்வரை மனதுக்குள் நடப்பேன். வாசல் வளைவு, மரநிழலில் படுத்திருக்கும் புள்ளிமான்கள், மேலே ஏறும் வீதி. வெறும் நினைப்பாக இருக்கும்வரை மான்கள் அசைவதில்லை. நான் அசைத்தால்தான் அசையும். ஒரு முறை, ஒரு மானின் காதில் ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. மான் காதை விசிறியது. ஈ எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்தில் மறுபடி உட்கார்ந்தது. வெயில் பட்டு அந்தக் காதின் ஓர மயிர் செம்பு நிறமாகத் தெரிந்தது. அந்த ஈயை நான் நினைக்கவே இல்லை. நீங்கள் வைக்காத ஒன்று காட்சிக்குள் தானாக வந்தால், பகற்கனவு முடிந்து கனவு தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.

வரவழைக்க முடியுமா என்றால், இடம் கொடுக்கலாம். இழுத்து வர முடியாது. வள்ளம் வாங்கும் நினைப்பில் காசுக் கணக்கும் கவலையும் சேர்ந்துவிடும். அவை ஆளை விழிக்கச் செய்பவை. அதற்குப் பதிலாக எஞ்சின் கயிற்றை இழுப்பது, கைப்பிடியின் அதிர்வு, முகத்தில் தெறிக்கும் உப்புத் தண்ணீர் என்று உடம்பு அறிந்தவற்றை மட்டும் நினையுங்கள். காட்சி கலைந்தால் கலையட்டும், துரத்த வேண்டாம். கனவுக்குள் போய்ச் சேர்ந்ததும் ஆசையில் துள்ளினால் விழித்துவிடுவீர்கள். உள்ளங்கைகளைத் தேய்த்துப் பாருங்கள், அல்லது வள்ளத்தின் விளிம்பைத் தடவுங்கள். கனவு சற்று நேரம் நிலைக்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இதெல்லாம் வாடியில் மட்டும். கடலில் காவல் இருக்கும் நேரத்தில் இந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம். முந்திய இரவு நேரத்தோடு படுக்கவும் வேண்டும்.

கேள்வி: இரவில் படுத்தவுடன், கனவென்று தெரிந்தே கனவு காண முயல்கிறேன். கோடுகள், தெரியாத முகங்கள், சில வேளை பரீட்சை வினாத்தாள். அதற்குமேல் எதுவும் இல்லை. இது உண்மையில் நடக்கிற விடயம்தானா?
(உயர்தர மாணவி, திருகோணமலை நகர்)

பதில்: நடக்கிறது. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் கீத் ஹேர்ன் இதைக் கருவியில் பதிவுசெய்தார். கனவுக் கட்டத்தில் கைகால் தசைகள் செயலிழந்து கிடந்தாலும் கண்கள் அசையும். ஆலன் வோர்ஸ்லி என்பவர் உறங்கிக்கொண்டே, முன்னரே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைத்து, கனவுக்குள்ளிருந்து அடையாளம் காட்டினார்.

நீங்கள் காண்பது உறக்கத்தின் வாசலில் வரும் சிதறல் காட்சிகள். பகல் முழுவதும் எதில் மூழ்கினோமோ அதுவும் அங்கே வரும். டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டில் ஈடுபட்டவர்கள் பலருக்குக் கண் அயரும்போது கட்டைகள் விழுவது தெரிந்தது என்று 2000இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். விளையாடியதையே மறந்துபோன ஞாபகமறதி நோயாளிகள் சிலருக்கும் அது தெரிந்தது! ஆகவே வினாத்தாள் வருவதில் வியப்பில்லை, பிள்ளை. இரவில் முயல வேண்டாம், நன்றாக உறங்குங்கள். பரீட்சை முடியட்டும். பிறகு விடுமுறைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு மறுபடி படுக்கும் என் மகனுக்குச் சில நாட்களில் கண் திறந்திருக்கும், கைகால் அசையாது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்குவதாகச் சொல்லி அழுகிறான். ஓதியும் பார்த்தோம்.
(தாய், கிண்ணியா)

பதில்: மேலே சொன்ன அதே வாசல்தான், அம்மா. கனவில் நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்கத் தசைகளை மூளை பூட்டிவைக்கிறது. பூட்டுத் திறக்குமுன் அறிவு விழித்தாலும், அறிவு அணையுமுன் பூட்டு விழுந்தாலும் இப்படி ஆகும். கனவின் பயம் அறைக்குள்ளேயே உருவெடுத்து நிற்கும். மூச்சு நிற்காது. சில விநாடிகளிலோ இரண்டொரு நிமிடங்களிலோ தானாக விலகிவிடும்.

ஓதுவது அவன் மனதுக்கு ஆறுதல் என்றால் தொடருங்கள். மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுக்கச் சொல்லுங்கள். இரவில் அதிக நேரம் விழித்திருக்க விடாதீர்கள். அது வரும்போது உடம்பு முழுவதையும் உதறி எழ முயலாமல், ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பழக்குங்கள். பகலில் அடக்க முடியாத உறக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது முழங்கால் துவண்டு விழுந்தாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது மருந்து தேவைப்படும் வேறொரு நோயாக இருக்கக்கூடும்.