துக்க வீட்டுல "போயிட்டு வர்றேன்"னு சொன்ன மாமா

கேள்வி: என் மாமனாருக்கு 59 வயசு. ரொம்ப தன்மையான மனுஷன், ஒரு வருஷமா ஆளே மாறிட்டார். போன மாசம் துக்க வீட்டுல அழுதுட்டு இருந்தவங்ககிட்டயே டிபன் இல்லையான்னு கேட்டார், கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்"னு சத்தமா வேற சொன்னார். ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. திமிருங்கறார் என் வீட்டுக்காரர். டாக்டர்கிட்ட காட்டணுமா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: கண்டிப்பா காட்டணும்மா, நியூராலஜிஸ்ட்கிட்டயே. என்ன வியாதின்னு நான் இங்க உட்கார்ந்து சொல்ல முடியாது, ஆனா ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியான்னு ஒண்ணு இருக்கு, 45லருந்து 65 வயசுக்குள்ளதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும், மூளையோட முன்பகுதி சுருங்கும், ஞாபகம் போறதுக்கு முன்னாடியே இங்கிதம் போயிடும். திடீர்னு ஸ்வீட்டா தேடித் தேடி சாப்பிடுறாரா, யாராவது அழுதா சும்மா பார்த்துட்டு இருக்காரான்னு கவனிங்க.

நம்ம ஊர்ல இது லேட்டாதான் தெரிய வரும். வயசான ஆம்பளை என்ன பேசினாலும் பெரியவர்னு விட்டுடுவோம், இதையே ஒரு மருமக பேசியிருந்தா மறுநாளே பஞ்சாயத்து.

இங்கிதம் இருக்கான்னு பார்க்குற டெஸ்ட்லயும், ஊருக்கு ஊர் வழக்கம் மாறுறதால, சிக்கல் உண்டு. 1998ல வெளிநாட்டுல வந்த ஒரு டெஸ்ட்ல ஒரு கதை, புதுசா குடிவந்த பொண்ணு ஆசையா வாங்கி மாட்டின கர்ட்டனை வந்தவங்க அசிங்கமா இருக்குன்னுடுவாங்க, அதுல என்ன தப்புன்னு கண்டுபிடிக்கணும். நம்ம வீட்டு அத்தைங்க அதை தினமும் சொல்றாங்களே! துக்க வீட்டுல போயிட்டு வர்றேன்னு சொல்லக்கூடாதுங்கறது அந்த டெஸ்ட்டுக்கு எப்படித் தெரியும்? அதனாலதான் பெங்களூரு நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில ஸ்கிஸோஃப்ரினியாங்கற மனச்சிதைவு நோய் உள்ளவங்களுக்காக நம்ம நாட்டு வழக்கத்துக்கு ஏத்த மாதிரி கதைகளை மாத்தி சாக்ரடிஸ்னு ஒரு டெஸ்ட் தொகுப்பே கொண்டு வந்தாங்க.

அதனால டாக்டர்கிட்ட "மரியாதை இல்லாம பேசறார்"னு மொட்டையா சொல்லாதீங்க, துக்க வீட்டுல நடந்ததை அப்படியே தேதியோட எழுதிட்டுப் போங்க, முன்னாடி இப்படி ஒரு இடத்துல அவர் எப்படி நடந்துப்பார்ங்கறதையும் பக்கத்துலயே எழுதுங்க. உங்க அத்தையைக் கூட்டிட்டுப் போங்க, அவர் எப்ப மாறினார்னு அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வுன்னு சரி பண்ணக்கூடிய காரணமாவும் இருக்கலாம், ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ எல்லாம் எடுக்கச் சொல்வாங்க, தள்ளிப் போடாதீங்க. இந்த டிமென்ஷியாவாவே இருந்தா முழுசா குணமாக்குற மருந்து இன்னும் இல்லம்மா, அல்சைமருக்குக் குடுக்குற மாத்திரையும் இதுக்குக் கேட்காது. ஆனா பேர் தெரிஞ்சா உங்க வீட்டுக்காரர் அப்பாகிட்ட சண்டை போடறதை நிறுத்துவார். அதுவரைக்கும், பண விஷயத்துலயும் நிதானம் தப்பலாம்ங்கறதால, ஏடிஎம் கார்டு அத்தை கையில இருக்கட்டும்.