மண்டிக் கணக்கும் மறைக்கல்விதான்

கேள்வி: என் மகன் பத்தாவது வரை சிஸ்டர்கள் பள்ளியில் படித்தான். பிளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளியில் சேர்த்தோம். ஞாயிறும் நீட் வகுப்பு இருப்பதால் பூசைக்கு வருவதே இல்லை. "உலகம் ஆறு நாளில் உண்டாச்சுன்னு நம்புறீங்களே, அறிவியல் அப்படிச் சொல்லலையே" என்று கேட்கிறான். கணவர் மாங்காய் மண்டி நடத்துகிறார். இனி இவனைக் கத்தோலிக்கக் கண்ணோட்டத்தோடு வளர்ப்பது எப்படி?
– ஒரு தாய், கிருஷ்ணகிரி

பதில்: பள்ளி மாறியதற்காகக் கலங்காதீர்கள், சகோதரி. பிள்ளைக்கு முதல் ஆசிரியர் பெற்றோர்தான் என்று 1965-லேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவை, சொல்லியிருக்கிறது. சிஸ்டர்கள் உங்களுக்குத் துணை நின்றார்கள், அவ்வளவுதான்.

அவன் கேள்வி நல்ல கேள்வி. அதட்டி அடக்கிவிடாதீர்கள். பைபிள் சொல்லும் அந்த ஆறு நாட்களைச் சாதாரண நாட்களாகப் பழங்காலத் திருச்சபை அறிஞரான புனித அகுஸ்தினாரே எடுத்துக்கொள்ளவில்லை. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் எழுதிய ஜார்ஜ் லெமெத்ர், பெல்ஜியம் நாட்டுக் குருவானவர். உங்கள் மகன் பத்தாவதில் படித்த பட்டாணிச் செடி மெண்டல், மடத்துத் துறவி. மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்று திருத்தந்தை 12-ம் பயஸ் 1950-ல் எழுதினார். ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதில் மட்டும் உறுதியாக நின்றார். உயிரியலை அவன் ஆழமாகப் படிக்கட்டும். அதனால் விசுவாசம் போய்விடாது.

என் கவலை வேறு. டாக்டராகி யாருக்கு வைத்தியம் பார்க்கப் போகிறாய் என்று அவனிடம் யாராவது கேட்டிருக்கிறீர்களா? மார்க்கையும் சீட்டையும் மட்டுமே வீட்டில் பேசினால், கான்வென்ட்டில் படித்தாலும் பிள்ளை அதைத்தான் கற்றுக்கொள்ளும்.

உங்கள் வீட்டிலேயே நல்ல வகுப்பறை இருக்கிறது. சீசன் நேரத்தில் ஒரு சாயங்காலம் அவனை மண்டியில் அப்பாவோடு உட்கார வையுங்கள். பெங்களூரா ரக மாங்காய் லோடு இறங்கும்போது எடை போடுவதை அவன் பார்க்கட்டும். கழிவு என்று எத்தனை கிலோ பிடிக்கிறோம், அது நியாயமா என்று விவசாயியின் முகத்தைப் பார்த்து யோசிக்கட்டும். காய் பிரித்து கிரேட்டில் அடுக்கிய பெண்களுக்குக் கூலியை அவன் கையாலேயே, அவர்கள் வீடு திரும்பும் முன் கொடுக்கச் சொல்லுங்கள். பொழுது சாயும் முன் கூலி கொடுத்துவிடு என்பது பைபிளில் உள்ள இணைச்சட்ட நூலின் கட்டளை. 1891-ல் திருத்தந்தை 13-ம் லியோ தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடலும் நியாயமான கூலியைத்தான் வலியுறுத்துகிறது. மண்டியில் கணக்கு கோணலாக இருந்தால் வீட்டில் சொல்லும் ஜெபமாலையை அவன் நம்ப மாட்டான். இதை உங்கள் கணவரிடமும் மனம்விட்டுப் பேசுங்கள்.

அப்புறம், பூசை. அதை விட்டுவிடக் கூடாது. சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போனாலும் ஞாயிறு பூசைக் கடமை நிறைவேறிவிடும். உங்கள் பங்குக் கோயிலில் சனி மாலைப் பூசை இல்லையென்றால் பக்கத்துப் பங்கில் விசாரியுங்கள். அவனை மட்டும் அனுப்பாமல் குடும்பமாகப் போங்கள். அந்த ஆறு நாள் கேள்வியையும் பங்குத் தந்தையிடம் அவனே நேரில் கேட்கட்டும்.