ஊருக்கு எழுதிவைத்த படிப்பகத்தை இடிக்கிறார்கள், நான் தடுக்க முடியுமா?

கேள்வி: எங்கள் ஊரில் 1912-ல் ஒருவர் தன் சொந்த இடத்தில் கட்டி, ஊரார் படிப்பதற்கென்று எழுதிவைத்த படிப்பகம் இருக்கிறது. இப்போது அவருடைய கொள்ளுப்பேரன்கள் இருவர் அறங்காவலர்கள். அடுக்குமாடி கட்டும் ஒருவருக்கு இடத்தை விற்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். போன மாதம் ஓடுகளைப் பிரித்தார்கள். நகராட்சியில் கேட்டால், கட்டடம் ஆபத்தான நிலையில் இருப்பதாக இன்ஜினீயர் சான்று கொடுத்திருக்கிறார் என்கிறார்கள். நான் உரிமையாளரும் இல்லை, வாடகைதாரரும் இல்லை. நூறாண்டு தாண்டிய கட்டடத்தை இப்படி இடிக்க முடியுமா? நான் கோர்ட்டுக்குப் போகலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தமிழ்நாடு

பதில்: போகலாம் அம்மா, இந்த வாரமே போக வேண்டும். உங்கள் கடிதத்தில் நீங்கள் அழுத்தி எழுதியிருப்பது 'நூறாண்டு' என்ற சொல்லை, ஆனால் எனக்கு நம்பிக்கை தந்தது 'எழுதிவைத்த' என்ற சொல்தான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நூறாண்டு விஷயம். வயதானாலே ஒரு கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள், அப்படி இல்லை. பழைமையான சின்னங்களைப் பாதுகாக்கும் 1958-ம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் நூறு ஆண்டு என்று ஒரு கணக்கு இருப்பது உண்மைதான், ஆனால் அது ஒரு கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிப்பதற்கான தகுதி மட்டுமே. அரசு அறிவித்தால்தான் பாதுகாப்பு தொடங்கும். நம் மாநிலத்தின் 1966-ம் ஆண்டுச் சட்டமும் அதே வழியில்தான் போகிறது. 2012-ல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் வந்தது, அதற்கும் உங்கள் கட்டடம் பட்டியலில் இருக்கிறதா என்பதே கேள்வி. ஊரில் எல்லோரும் பாரம்பரியக் கட்டடம் என்று சொல்வது நீதிமன்றத்தில் ஆதாரமாக நிற்காது.

அதற்காக அந்த வாதத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. சென்னை அண்ணா சாலையில் உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் 1897-ல் எழுந்தது. 2006-ல் அதை இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியச் சின்னங்களைக் காப்பதற்காக இயங்கும் இன்டாக் (INTACH) அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது, 2010-ல் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது, பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று ஒரு குழுவை அமைக்கும்படியும் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அங்கே வழக்குப் போட்டது ஓர் அமைப்பு, கட்டடம் தலைநகரின் முக்கியச் சாலையில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தது, அப்படியும் நான்கு ஆண்டு ஆயிற்று. தீர்ப்புக்குப் பிறகும் அது பல ஆண்டுகள் சிதிலமாகவே நின்றது. ஒரு நகராட்சியின் உள்தெருவில் இருக்கும் படிப்பகத்துக்கு அந்த வாதத்தை மட்டும் நம்பிப் போவது எனக்குப் பயமாக இருக்கிறது.

(உங்களிடம் யாராவது 2024 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, 15 நாள் நோட்டீஸ் இல்லாமல் இடிக்கவே முடியாது என்று சொல்லியிருக்கலாம். அது அரசு அதிகாரிகள் அடுத்தவர் கட்டடத்தை இடிப்பதைப் பற்றியது. சொந்தக்காரர் தானே இடிப்பதற்கு அது பொருந்தாது.)

சரி, 'எழுதிவைத்த' என்பதற்கு வருவோம். ஊரார் படிப்பதற்கென்று ஒருவர் இடத்தை எழுதிவைத்துவிட்டால் அது அவருடைய குடும்பச் சொத்தாக இருப்பது அன்றோடு முடிந்துவிடுகிறது. அது பொது அறக்கட்டளைச் சொத்து. கொள்ளுப்பேரன்கள் அதன் காவலர்கள், அதிலிருந்து ஒரு ஜன்னலைக் கழற்றி விற்றாலும் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள். இடத்தை விற்கும் அதிகாரம் பத்திரத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா, இல்லையென்றால் நீதிமன்றத்தில் அனுமதி வாங்கினார்களா என்பதுதான் இந்த வழக்கின் உயிர். பெரும்பாலான பழைய பத்திரங்களில் விற்கும் அதிகாரம் இருக்காது. சிலவற்றில் எக்காலத்திலும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்றே எழுதியிருப்பார்கள்.

அதனால் முதல் வேலை சார்பதிவாளர் அலுவலகத்தில். 1912 பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடுங்கள். பத்திர எண் தெரியாவிட்டால் எழுதிவைத்தவர் பெயரைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். கூடவே அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள், விற்பனை நடந்தது உண்மையா, எந்தத் தேதியில், யார் பெயருக்கு என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். 'விற்றுவிட்டதாகச் சொல்கிறார்கள்' என்பதை வைத்து மனு எழுத முடியாது. பத்திரமே பதிவாகாமல் இருந்தாலும் கைவிட வேண்டாம். பல பத்தாண்டுகளாக ஊரார் தடையில்லாமல் பயன்படுத்தியது, சுவரில் பதித்த கல்வெட்டு, வீட்டுவரி ரசீதில் படிப்பகத்தின் பெயர், பழைய உறுப்பினர் அட்டை எல்லாமே சேர்ந்து சாட்சியாகும்.

அடுத்து, நீங்கள் யார் என்ற கேள்வி. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-வது பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது: பொது அறக்கட்டளையில் அக்கறை உள்ள இரண்டு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, மாவட்ட நீதிமன்றத்தில் அறங்காவலர்கள் மேல் வழக்குப் போடலாம். அவர்களை நீக்கக் கேட்கலாம், கணக்குக் கேட்கலாம், நிர்வாகத்துக்கு ஒரு திட்டம் வகுக்கச் சொல்லலாம். அந்தப் படிப்பகத்தில் படித்து வளர்ந்து அதே ஊரில் வாழும் நீங்கள் வெளியாள் இல்லை. ஆனால் தனியாக முடியாது, உங்களோடு குறைந்தது இன்னொருவர் வேண்டும். நாலைந்து பேராக இருப்பது நல்லது, ஏனென்றால் இப்படிப்பட்ட வழக்குகளில் மனுதாரர்களை ஒவ்வொருவராகப் பேசிக் கரைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அனுமதி கேட்கும் மனுவில் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போவது வழக்கம், ஆனாலும் அவசரம் இருந்தால் நோட்டீஸ் இல்லாமலே அனுமதி கொடுக்கலாம், அதனால் அனுமதி செல்லாமல் போகாது என்று 1990-ல் நாராயண செட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கறிஞர் அதை முதல் நாளே எடுத்துச் சொல்ல வேண்டும். இடத்தை வாங்கியவர் அறங்காவலர் இல்லை என்பதால் அவருக்கு எதிராகக் கேட்கும் நிவாரணம் 92-க்குள் அடங்குமா என்ற சிக்கல் வரும். அதற்குத் தனி வழக்கு தேவைப்படலாம், இதையும் மனு எழுதும் முன்பே பேசி முடிவெடுங்கள்.

இப்போது அந்த ஆபத்துச் சான்று. எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. ஓட்டைப் பிரித்துவிட்டு ஒரு மழைக்காலம் விட்டால் எந்தச் சுண்ணாம்புச் சுவரும் ஊறிப் போகும், உத்திரம் மட்கும், அப்புறம் அதையே காட்டி ஆபத்தான கட்டடம் என்று சான்று வாங்குவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு தேதிகளை: ஓடு பிரித்த தேதி, சான்று கொடுத்த தேதி. ஓடு முதலில், சான்று பிறகு என்றால் அந்தச் சான்றின் பலம் பாதியாகக் குறைந்துவிடும். ஓடு இருந்த நிலையில் எடுத்த புகைப்படம் யாரிடமாவது இருக்கும், பள்ளி ஆண்டு விழாப் படமோ கல்யாண ஊர்வலப் படமோ எதுவாக இருந்தாலும் தேடிப் பிடியுங்கள். நகராட்சிக்கு ஆர்டிஐ மனு அனுப்பி அந்தச் சான்றின் நகல், இடிப்பதற்கு யார் எப்போது அனுமதி கேட்டார்கள், புதிய கட்டடத்துக்குத் திட்ட அனுமதி ஆனதா என்று கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகும், அதுவரை வழக்கை நிறுத்தி வைக்காதீர்கள்.

கோர்ட்டில் மூல வழக்கோடு ஒரு தடையாணை மனுவும், அட்வகேட் கமிஷனரை (நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞரை) நியமிக்கச் சொல்லி இன்னொரு மனுவும் போக வேண்டும். கமிஷனர் ஒரு கட்டமைப்பு இன்ஜினீயரோடு நேரில் போய் இன்றைய நிலையை அறிக்கையாகத் தருவார். எதிர்த்தரப்பின் ஒற்றைச் சான்றுக்கு இதுதான் சரியான பதில். உண்மையிலேயே ஒரு சுவர் சாய்ந்திருந்தால் அதை மறைக்காதீர்கள், முட்டுக் கொடுத்து நிறுத்த உத்தரவு கேளுங்கள். நாளை அது யார் மேலாவது விழுந்தால் அந்தப் பாவம் நம்மையும் சேரும்.

பக்கத்தில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள பழைய கோயிலோ கோட்டையோ இருக்கிறதா என்றும் பாருங்கள். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் தனி அனுமதி வேண்டும். அடுக்குமாடி கட்ட முடியாது என்று தெரிந்தால் இடிக்கும் அவசரம் தானாகவே போய்விடும்.

இடித்துவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் தடையாணையை வாங்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பழைய சத்திரத்தின் முன்கட்டு முழுவதும் தரையில் கிடந்தது. விடிவதற்கு முன்பே இயந்திரத்தை இறக்கியிருந்தார்கள். லண்டனில் கார்ல்டன் டேவர்ன் என்ற மதுக்கூடத்தை 2015-ல் அனுமதியில்லாமல் இடித்தவர்களை, இருந்தபடியே திருப்பிக் கட்டச் சொல்லி உத்தரவு போட்டார்கள், 2021-ல் அது மறுபடி திறந்தது. கட்டடத்தின் விவரங்கள் முன்பே பதிவாகியிருந்தது அதற்குப் பெரிய உதவி. நம் ஊரில் அப்படி உத்தரவு வாங்குவது மிகக் கடினம். அதனால் இன்றைக்கே ஒவ்வொரு தூணையும், கதவையும், கல்வெட்டையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

ஆபத்தும் உண்டு. போதிய காரணமில்லாமல் தடை வாங்கியதாக முடிவானால் அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 95-வது பிரிவின்படி 50,000 ரூபாய் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். பத்திரம் கையில் இருந்தால் அந்தப் பயம் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. உள்ளே இருக்கும் புத்தகங்கள், கட்டிப்போட்ட பழைய பத்திரிகைகள், வருகைப் பதிவேடு, மர அலமாரிகள் எல்லாமும் அறக்கட்டளைச் சொத்துதான். கட்டடத்துக்காக ஓடும்போது இவற்றை மறந்துவிடுவோம், ஒருநாள் ராத்திரி எல்லாம் எடைக்குப் போய்விடும். கமிஷனர் மனுவிலேயே இவற்றுக்கும் பட்டியல் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.