கோடைச் சுற்றுலாவுக்காக ஆண்டுதோறும் தனிநபர் கடனை உயர்த்தலாமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மேலாளராகப் பணிபுரிகிறேன். வயது 43. பிடித்தம் போக மாதம் 82,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 24,000 ரூபாய். ஒவ்வொரு மே மாதமும் என் பெற்றோர், மனைவி, இரு பிள்ளைகள், தங்கை, தங்கை கணவர், அவர்களுடைய இரு பிள்ளைகள் எனப் பத்துப் பேராக வேன் எடுத்துச் சுற்றுலா செல்கிறோம். இந்த முறை ஊட்டி, முதுமலை, பந்திப்பூர், கபினி, முத்தங்கா, சைலன்ட் வேலி என ஆறு நாள் திட்டம். 1,80,000 ரூபாய் ஆகும் போலிருக்கிறது. முழுச் செலவும் என்னுடையது. மாப்பிள்ளையிடம் கணக்குக் கேட்பது முறையல்ல என்பார் அம்மா. 2024 மே மாதத்தில் 14 சதவீத வட்டியில் 36 தவணைகளுக்கு 2 லட்சம் தனிநபர் கடன் வாங்கினேன்; 2025-இல் அதையே 3 லட்சமாக உயர்த்தினேன். இப்போது அதை 4 லட்சம் வரை உயர்த்தி டாப்-அப் (பழைய கடனின் மேல் கூடுதல் கடன்) தருவதாக வங்கிச் செயலி சொல்கிறது. அதை எடுக்கலாமா? அல்லது 4 லட்சம் கட்டி, ஆண்டுதோறும் தங்கள் விடுதிகளில் தங்க அறை தரும் ஒரு விடுமுறை மன்றத்தில் 25 ஆண்டுகளுக்கு உறுப்பினராகிவிடலாமா? ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 18,000 ரூபாய் என்கிறார்கள். கையில் 55,000 ரூபாய் ஆர்.டி. (தொடர் வைப்பு) முதிர்வுத் தொகை இருக்கிறது.

பதில்: டாப்-அப் எடுக்காதீர்கள். அவசர நிதி, காப்பீடு போன்றவற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியும் என்பது கடிதத்தின் நடையிலேயே புரிகிறது. ஆகவே நேரடியாக அந்தக் கடனுக்கு வருகிறேன்.

2 லட்சத்துக்கு உங்கள் தவணை ஏறத்தாழ 6,835 ரூபாய். ஓராண்டு கட்டி முடித்தபோது அசலில் 1,42,000 ரூபாய் மிச்சமிருந்திருக்கும். 2025-இல் 3 லட்சமாக உயர்த்தியபோது, அந்த 1,42,000-ஐ வங்கி தன் பழைய கணக்கை முடிக்க எடுத்துக்கொண்டது. நடைமுறைக் கட்டணம் 2 சதவீதம், அதன்மேல் ஜி.எஸ்.டி. என்று வைத்தால் இன்னொரு 7,000 போயிருக்கும். உங்கள் கைக்கு வந்தது 1,51,000 ரூபாய்தான்; ஆனால் தவணையோ 10,253 ஆகி, காலக்கெடு மீண்டும் முதலிலிருந்து 36 மாதமாகத் தொடங்கியது. இன்றைக்கு நீங்கள் செலுத்த வேண்டிய அசல் 2,13,500 ரூபாய் அளவில் இருக்கும். இரண்டு ஆண்டுகளில் வட்டியாகவும் கட்டணமாகவும் போனது ஏறக்குறைய 73,000 ரூபாய். இப்போது 4 லட்சமாக உயர்த்தினால் கைக்கு 1,77,000 வரும், தவணை 13,670 ஆகும், கடன் 2029 மே வரை நீளும். அதுவும், அடுத்த மே மாதத்தில் செயலி மறுபடியும் அழைக்கும்போது நீங்கள் மறுத்தால்தான்.

அந்த 73,000 ரூபாயை ஒருபுறம் வைத்துவிட்டு, இதே ஆறு நாள் பயணத்தை உங்கள் வீட்டு ஆறு பேருக்கு மட்டும், ஏழு பேர் அமரக்கூடிய உங்கள் சொந்த வண்டியிலோ ஓர் உறவினர் வண்டியிலோ செல்வதாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். மலைச் சாலைகளையும் உள்ளூரில் அலைவதையும் சேர்த்து 1,000 கிலோமீட்டருக்கு எரிபொருள் 7,000, ஐந்து இரவுகளுக்கு 3,000 ரூபாய் வீதம் இரண்டு அறைகள் 30,000, உணவு 22,000, காட்டுச் சவாரிகளுக்கு 10,000, சுங்கம், நுழைவு, வண்டி நிறுத்தக் கட்டணங்களுக்கு 4,000. மொத்தம் 73,000 ரூபாய். இது தோராயம்தான், சில ஆயிரங்கள் கூடலாம் குறையலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளில் வங்கிக்குக் கொடுத்த தொகையும் உங்கள் குடும்பத்தின் முழுப் பயணச் செலவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. உங்கள் வருமானத்தில் மாதம் 6,000 ரூபாய் ஒதுக்கினால் இந்தத் தொகை ஓராண்டில் கடனில்லாமல் சேர்ந்துவிடும். எனவே நீங்கள் வாங்கும் கடன் உங்கள் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் செல்வதற்கானது அல்ல. பேசத் தயங்கும் ஒரு பேச்சைத் தவிர்ப்பதற்காக ஆண்டுதோறும் வாங்கப்படுவது.

வேன் வாடகையைக் கவனியுங்கள். வெளியூர் வாடகை வேன்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் என்று ஒன்று உண்டு. 250 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 24 ரூபாய் என்று வைத்தால் ஆறு நாளுக்கு 36,000; ஓட்டுநர் பேட்டாவும் பிற மாநில அனுமதி வரியும் தனி. காட்டைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரே இடத்தில் ஒன்றரை நாள் தங்குவார்கள். ஓடுவது 1,000 கிலோமீட்டர், கொடுப்பதோ 1,500 கிலோமீட்டருக்கான பணம். மேலும், முதுமலை, பந்திப்பூர், முத்தங்கா எங்கும் உங்கள் வேன் சவாரிப் பாதைக்குள் போக முடியாது. அதற்கென அனுமதிக்கப்பட்ட பேருந்திலோ ஜீப்பிலோதான் தனிக் கட்டணம் செலுத்திப் போக வேண்டும். ஆட்கள் கூடக் கூட அந்தச் செலவும் கூடும்.

தங்கை கணவரிடம் பணம் கேட்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை. பயணம் முடிந்தபின் கணக்குக் கேட்பது உண்மையிலேயே கடினம்; கேட்க வேண்டிய நிலை வராதபடி ஏற்பாட்டை மாற்றுவது எளிது. அவர்கள் அவர்களுடைய வண்டியில் வரட்டும். அறைகளை அவரவர் பெயரில் பதிவு செய்யுங்கள். உங்கள் அட்டையை உங்கள் இரண்டு அறைகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். தங்கைக்குச் செய்ய வேண்டும் என்ற உங்கள் மனம் நல்ல மனம், அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். மாதம் 1,000 ரூபாய் வீதம் தனியாகச் சேர்த்து, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் அவருடைய பிள்ளைகளின் கையில் 12,000 ரூபாயாகக் கொடுங்கள். அளவு தெரிந்து கொடுப்பது சீர். அளவு தெரியாமல் அட்டையில் தேய்ப்பது உங்கள் பிள்ளைகளின் படிப்புப் பணம். அம்மாவிடமும் இந்த 12,000 ரூபாயை முதலில் சொல்லிவிட்டு, வேன் இல்லை என்பதை அதன்பின் சொல்லுங்கள்.

விடுமுறை மன்றத்தைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. 4 லட்சத்தை 6.5 சதவீத வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 26,000 ரூபாய் வட்டி வரும். அதை இழந்து, பராமரிப்புக் கட்டணம் 18,000-ஐயும் கட்டினால், அறைக்கு மட்டும் ஆண்டுக்கு 44,000 ரூபாய் ஆகிறது. மேலே நான் போட்ட அறைச் செலவு 30,000. பராமரிப்புக் கட்டணம் 25 ஆண்டுகளுக்கு அதே 18,000-ஆக நிற்கும் என்று எழுத்தில் தருகிறார்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அந்த 4 லட்சத்தைக் கடன் வாங்கிக் கட்ட நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

இந்த ஆண்டு 55,000 ரூபாய்க்குள் போய் வாருங்கள். ஊட்டி, முதுமலை, பந்திப்பூர் மட்டும், மூன்று இரவுகள். சீசன் விலையில் இரண்டு அறைகளுக்கு 21,000, உணவுக்கு 14,500, எரிபொருளுக்கு 3,000, ஒரு சவாரிக்கும் நுழைவுகளுக்கும் 6,000 என்று 45,000 ரூபாயில் முடியும். தெப்பக்காடு யானைகள் முகாமில் யானைகளுக்கு உணவு கொடுப்பதைப் பார்த்தாலே பிள்ளைகளுக்கு ஒரு மாலை நிறைந்துவிடும். பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை 2009 முதல் மூடப்படுகிறது. தாமதமாகப் புறப்பட்டு அங்கே சிக்கினால், திட்டத்தில் இல்லாத ஓர் அறைக்கு இரட்டிப்பு விலை கொடுக்க நேரும். கபினி, முத்தங்கா, சைலன்ட் வேலி அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

நடப்புத் தவணையை அப்படியே கட்டி வாருங்கள். தீபாவளி போனஸில் 60,000 ரூபாயை அசலில் செலுத்த முடிந்தால், 2028 மே மாதத்தில் முடிய வேண்டிய கடன் ஏழு மாதம் முன்னதாகவே முடிந்துவிடும். வட்டியில் 11,000 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். தனிநபர் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் இருப்பதால் பகுதி முன்செலுத்தலுக்குக் கட்டணம் கேட்கக்கூடும். அது எவ்வளவு என்பதை வங்கியில் எழுத்து மூலம் கேட்டு அறிந்தபின் செலுத்துங்கள்.

பயண நாளைப் பொறுத்தவரை, நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக இருக்கிறது, அதற்குக் கட்டணமில்லை. 2025 கோடையில் வாரநாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் விதித்தார்கள். இந்த ஆண்டின் நிலையை அரசின் இணையதளத்தில் பார்த்து, செவ்வாய், புதன்கிழமைகளில் ஊட்டியில் இருக்கும்படி நாளைத் தேர்ந்தெடுத்து, இ-பாஸ் கையில் வந்தபின் மட்டுமே அறைக்கு முன்பணம் கட்டுங்கள். உங்கள் தங்கை குடும்பமும் அதே நாளில் வருவதென்றால் அவர்கள் வண்டிக்குத் தனி இ-பாஸ் தேவை. அதை அவர்களே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.