ஆலயக் கல்லில வருசம் அழிஞ்சு போச்சு எண்டு கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கட ஊர்க் கிறிஸ்தவ ஆலயத்தின்ர முன்வாசல் கல்லில கட்டின வருசம் தேஞ்சு போச்சு, கூரை ஓட்டில பாசல் மிஷன் எண்டு இருக்கு, அதை வச்சு நூறாம் ஆண்டு விழா வைக்கலாமோ எண்டு கேட்டிருந்தீங்க. ஓட்டை நம்பி வருசம் போட்டிடாதீங்கோ. பாசல் மிஷன் எண்டது சுவிஸ் நாட்டுக் கிறிஸ்தவ மிஷன், இந்தியாவில மங்களூரில அவையின்ர ஓட்டுத் தொழிற்சாலை 1865இலதான் தொடங்கினது, அதால ஓடு அதுக்குப் பிந்தினது, ஆனா சுவர் அதைவிடப் பழசா இருக்கலாம், பழைய ஓட்டை வேற கட்டடத்தில இருந்து கழட்டிக் கொண்டுவந்தும் போட்டிருக்கலாம். பிறகு 1964 டிசம்பர் சூறாவளி திருகோணமலையை அடிச்ச அடியில எத்தினை கூரை போச்சு, உங்கட ஆலயக் கூரை அப்ப மாத்தினதோ எண்டு ஊர்ப் பெரியாக்களிட்ட முதல்ல கேளுங்கோ, அவையள் இருக்கேக்கயே கேட்டு எழுதி வையுங்கோ தம்பி.

கல்லில மிச்சம் இருக்கிற எழுத்தில வெஸ்லியன் எண்டு வருதா? வெஸ்லியன் எண்டது மெதடிஸ்த சபையளில ஒண்டின்ர பேர். பிரித்தானியாவில அந்தச் சபையள் 1932இல ஒண்டாச் சேர்ந்தது, அதால வெஸ்லியன் மிஷன் எண்டு இருந்தா பெரும்பாலும் அதுக்கு முந்தினது. சாய்வா டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, தேஞ்ச எழுத்து நிழலில தெரியும். சுண்ணாம்பு பூசியிருந்தா சுரண்டவே வேண்டாம்.

காணி உறுதியைக் கட்டாயம் தேடுங்கோ. கன ஊரில மிஷன் பள்ளிக்கூடமும் ஆராதனையும் ஒரே மண்டபத்திலதான் நடந்தது, உறுதி பள்ளிக்கூடத்தின்ர பேரில கிடக்கலாம். சேகரத்தில, அதாவது உங்கட ஆலயம் சேர்ந்த சபைப் பிரிவில, இருக்கிற ஞானஸ்நானப் புத்தகத்தில உங்கட ஊர்ப் பேர் முதல் வாற பக்கத்தையும் படம் எடுங்கோ. லண்டனில சோவாஸ் (SOAS) எண்ட பல்கலைக்கழக நூலகத்தில வெஸ்லியன் மிஷனரிமாரின்ர கடிதங்கள் இருக்கு, ஈமெயில் போட்டுக் கேட்கலாம்.