உஸ்தாத் பதில்கள்: முதலில் பழகுங்கள், அப்புறம் வாங்குங்கள்

(மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஆயுதப் பயிற்சியாளராக இருந்து, சுபேதாராக ஓய்வுபெற்ற தக்கலைக்காரர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

அண்ணாச்சி, எனக்கு ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற வியாபாரம். பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. ராத்திரி கையில் பணத்தோடு திரும்பும்போது சிலர் பைக்கில் பின்தொடர்ந்து வந்தார்கள். போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். கைத்துப்பாக்கி லைசென்ஸ் கேட்கலாம் என்று இருக்கிறேன். பயிற்சிச் சான்றிதழ் வேண்டுமாமே? "அதெல்லாம் வெறும் காகிதம். முதலில் சாமானை வாங்கு, தோட்டத்தில் நாலு வெடி வெடித்தால் தானாகப் பழகிவிடும்" என்கிறான் கூட்டாளி. என்ன செய்யட்டும்?
– வாசகர், மார்த்தாண்டம்

தம்பி, முதல் வேலையாக அந்தக் கூட்டாளியைத் தோட்டத்துப் பக்கம் விடாதீர்கள். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்காரர்கள் நடமாடுகிற இடம் அது. குறி தவறிய குண்டு பல நூறு மீட்டர் போகும். யாருக்கும் அடிபடாவிட்டாலும் சரி, அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி அலட்சியமாகச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி வைத்திருக்கிறார்கள். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறார்களே, அவர்களையும் மனதில் வைத்து வந்த திருத்தம். நம்மூர் ரப்பர் தோட்டத்துக்கும் அதே சட்டம்தான்.

இனி காகிதத்துக்கு வருவோம். 2016-ல் வந்த ஆயுத விதிகளில் பயிற்சியில் என்னென்ன இருக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளுவது, சுடும் முறை, பராமரிப்பு, வீட்டில் வைப்பது, வெளியே கொண்டுபோவது, சட்டம் எல்லாம் அதில் உண்டு. அதை முடித்ததற்கான சான்று எஸ்-1 படிவம். உடல்நிலைக்கும் மனநிலைக்கும் மருத்துவரிடம் வாங்குவது எஸ்-3. வயது 21 ஆகியிருக்க வேண்டும், போலீஸ் விசாரணை அறிக்கை வர வேண்டும். யார் கொடுக்கிற சான்றிதழை ஏற்றுக்கொள்வார்கள் என்பதை நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள். கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால், வந்த வழியே அனுப்பிவிடுங்கள்.

காகிதத்துக்காக மட்டும் நான் பயிற்சி எடுக்கச் சொல்லவில்லை. கைத்துப்பாக்கி வைத்திருக்கிறவன் வாழ்நாளில் சுடுகிற தடவைகள் மிகக் குறைவு. எடுப்பதும் வைப்பதும், தோட்டாவைப் போடுவதும் கழற்றுவதும், துடைப்பதும் பூட்டுவதும்தான் அவனுடைய அன்றாட வேலை. விபத்து நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான். பட்டாளத்தில் "காலி கர்" என்று ஓர் ஆணை உண்டு. ஆயுதத்தைக் காலி செய் என்று அர்த்தம். குறிபார்க்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் நாங்கள் பையன்களுக்கு அதைத்தான் கற்றுக்கொடுப்போம். தூக்கத்தில் எழுப்பிவிட்டுச் சொன்னாலும் கை தானாகச் செய்ய வேண்டும்.

பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது முதலில் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கிய பெட்டியை, வெளியே எடுக்க வேண்டும். அதன் பிறகு மேலே முன்னும் பின்னும் நகர்கிற ஸ்லைடைப் பின்னால் இழுத்து, சேம்பரில் (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காருகிற அறை) கிடக்கிற தோட்டாவை வெளியே தள்ள வேண்டும். இழுத்துப் பிடித்தபடியே சேம்பருக்குள் கண்ணால் பார்க்க வேண்டும், விரலை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றி, முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டு அப்புறம் மேகசினை எடுத்தீர்களானால் என்ன ஆகும்? ஒரு தோட்டா வெளியே விழும், அதைப் பார்த்துக் காலியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். ஆனால் ஸ்லைடு முன்னால் வரும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளியிருக்கும். மேகசின் கையில் இருக்கிறது, துப்பாக்கியில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. "காலித் துப்பாக்கிதான், சும்மா பார்" என்று அடுத்தவரிடம் நீட்டுகிறவர்கள் இந்த ஒரு தோட்டாவைத்தான் மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே நினைத்துக் கையாளச் சொல்வது. சுட முடிவு செய்கிற வரைக்கும் விரல் டிரிகரில் இருக்கக் கூடாது, வெளியே நேராக நீட்டியிருக்க வேண்டும்.

சுடுவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்குச் சத்தம் பயம். டிரிகரை அழுத்துகிற அந்த நொடியில் கண்ணை மூடிக்கொண்டு, கையை முன்னால் ஒரு தள்ளு தள்ளுவார்கள். குண்டு குறிக்குக் கீழே மண்ணில் போகும். "நான் அசையவே இல்லை உஸ்தாத்" என்று சத்தியம் பண்ணுவார்கள். அவர்களுக்குத் தெரியாமல் ரிவால்வர் சிலிண்டரில், அதாவது தோட்டா போடுகிற சுழலும் உருளையில், நல்ல தோட்டாவுக்கு நடுவில் வெற்றுக்கூடு ஒன்றை வைத்துவிடுவோம். அது வரும்போது 'டிக்' என்று மட்டும் கேட்கும். வெடிக்காத துப்பாக்கி தன் கையில் குனிந்து கும்பிடு போடுவதை அவர்களே பார்ப்பார்கள். அதன் பிறகு வாய் பேச மாட்டார்கள், சொன்னதைக் கேட்பார்கள். உங்கள் கூட்டாளி சொல்கிற தோட்டத்துப் பயிற்சியில் இதை யார் காட்டித் தருவார்கள்? இந்தக் கோளாறோடு பழகப் பழக, கோளாறுதான் நன்றாகப் படியும்.

நம் மாவட்டத்துக்கு இந்தப் பாடம் பழையதுதான். 1741-ல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர் டிலனாயை மார்த்தாண்ட வர்மா என்ன செய்தார்? புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் உட்காரவைத்துத் தன் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். பீரங்கி வார்க்கிற உலையும் அங்கே வந்தது. டிலனாயின் கல்லறையை இன்றைக்கும் கோட்டைக்குள் பார்க்கலாம். ராஜாவே ஆயுதத்தோடு நிற்காமல் வாத்தியாரையும் பிடித்து வைத்துக்கொண்டார், நாம் எம்மாத்திரம்!

எங்கே பழகுவது என்றால், உங்களுக்குப் பக்கம் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு ரேஞ்ச், அதாவது சுடும் பயிற்சித் தளம். 2015 தேசிய விளையாட்டுக்காகக் கட்டியது. தமிழ்நாட்டில் மதுரை, கோவை, சென்னை ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. கிளப் துப்பாக்கியை ரேஞ்சுக்குள்ளேயே, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கப் பிடித்துப் பார்க்கலாம். ரிவால்வர் ஒத்துவருகிறதா, பிஸ்டல் ஒத்துவருகிறதா என்பது கடையில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தால் தெரியாது. கான்பூரில் செய்கிற 32 ரிவால்வர் (32 என்பது குழல் அளவைக் குறிக்கிற எண்) நடுவில் மடக்கித் திறக்கிற மாதிரி. மடக்கினால் காலிக்கூடு எல்லாம் ஒன்றாக வெளியே வரும், ஆறு துளையும் கண்ணெதிரே தெரியும். ஆரம்பக்காரருக்கு அதைத்தான் நான் சொல்வேன். டிரிகர் கனமாக இருக்கும், அது நல்லதுதான். ஒன்றைக் கவனியுங்கள்: ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் 32 என்றே பெயர் இருந்தாலும் தோட்டா வேறு வேறு. 9 எம்.எம். கேட்கவே கேட்காதீர்கள், அது தடை செய்யப்பட்ட ரகம்.

நீங்கள் எல்லை தாண்டுகிற ஆள், அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன். லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று இருந்தால் களியக்காவிளையோடு சரி. பாறசாலை பத்து நிமிடத் தூரம்தானே என்று இடுப்பில் வைத்துக்கொண்டு போனால், அந்தப் பக்கம் நீங்கள் லைசென்ஸ் இல்லாத ஆள். உங்கள் வசூலில் பாதி கேரளத்தில் என்றால், அதை விண்ணப்பத்திலேயே காரணத்தோடு எழுதிக் கேளுங்கள். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், அந்த வாரங்களிலும் ராத்திரி வசூல் இருக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பைக்கில் பின்னால் வருகிறான் என்பதற்காகத் துப்பாக்கியை நீட்ட முடியாது. தற்காப்பு உரிமை இப்போது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் அடிப்படை. பணத்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு அந்தப் பிரிவுகளைக் காட்டினால் கோர்ட்டில் பாடு பெரும்பாடு.

குலசேகரம் பக்கத்தில் ஒருவர் உங்களைப் போலவே வந்தார். பயிற்சியை ஒழுங்காக முடித்தார், கையும் நன்றாகப் படிந்தது. ஆனால் இருட்டில், ஸ்கூட்டரில், ஹெல்மெட்டோடு இதை எடுத்து என்ன செய்ய முடியும் என்று அவரே கணக்குப் போட்டார். விண்ணப்பத்தை நிறுத்திவிட்டு, வசூலை மதியத்துக்கு மாற்றி, மீதியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிவிட்டார். அவருக்குப் பயிற்சிப் பணம் வீண் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கும் அப்படித் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். தோன்றுவதாக இருந்தால் லட்சக்கணக்கில் செலவழிப்பதற்கு முன்னால் தோன்றட்டும்.

பெண்களுக்கென்றே ஒரு ரிவால்வர் இருக்கிறதாமே? கிளினிக்கை மூடிவிட்டுத் தனியாகக் காரில் வருகிறவள் நான். கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, நாகர்கோவில்

டாக்டரம்மா, நீங்கள் சொல்வது நிர்பீக். 2014-ல் கான்பூரிலிருந்து வந்தது, 32 ரகம், எடை அரைக் கிலோ, அன்றைக்கே விலை ஒரு லட்சத்து 22 ஆயிரம். எடை குறைந்தால் பெண்களுக்கு வசதி என்று விளம்பரம் செய்தார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே தோட்டாவைச் சுடும்போது, துப்பாக்கி இலேசாக இருந்தால் கையில் உதை அதிகம். கனமான ரிவால்வரில் பழகுகிறவர் ஆணோ பெண்ணோ சீக்கிரம் படிவார்கள். சுட வரும் பெண்களில் பலர் சொன்னதைச் சொன்னபடி செய்வதால் ஆண்களைவிட வேகமாகத் தேறுகிறார்கள்.

கைப்பை மட்டும் வேண்டாம். சாவி, பேனா, ஸ்டெதஸ்கோப்போடு கிடந்தால் டிரிகரில் எது மாட்டும் என்று சொல்ல முடியாது. நோயாளியைப் பார்க்கும்போது பையை எங்கே வைப்பீர்கள், வீட்டில் பேரப்பிள்ளை அதில் சாக்லேட் தேடாதா? உடம்போடு உறையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டிய பெட்டியில்.

வீட்டில் துப்பாக்கியை எப்படி வைப்பது? எங்கள் வீடு கடலுக்குப் பக்கம்.
– வாசகர், முட்டம்

உப்புக்காற்றோடு நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, இரும்புக்கு இதைவிட எதிரி கிடையாது. பலர் செய்கிற தப்பு, தோல் உறையிலேயே போட்டு பீரோவில் வைப்பது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், உறை படுகிற இடமெல்லாம் துரு பிடிக்கும். உறையைத் தனியாக வையுங்கள். குழலுக்குள் எண்ணெய்த் துணி விட்டுத் துடைத்து, வெளியே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, சுவரில் பதித்த இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். தோட்டா வேறு பூட்டில். சாவி உங்களிடம் மட்டும். துடைக்கும்போது தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

என் மகளுக்கு 14 வயது. டி.வி.யில் மனு பாக்கரைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கி சுடுதலில் சேர வேண்டும் என்கிறாள். லைசென்ஸ் வேண்டுமா?
– வாசகி, கருங்கல்

அவர் 2024 பாரிஸில் வெண்கலம் வாங்கியது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். போட்டிக்குப் பயன்படுகிற 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தில் சுடுவது), குண்டு கிளம்பும் ஆற்றல் 20 ஜூலுக்குள் உள்ளது என்றால் லைசென்ஸ் தேவையில்லை. உடனே வாங்காதீர்கள், கிளப் பிஸ்டலில் தொடங்கட்டும். முதல் மாதங்களில் அட்டையில் ஓட்டை போடுவதைவிடக் கையை நீட்டி அசையாமல் நிற்பதுதான் வேலை. அது சலிக்காமல் இருந்தால் அப்புறம் செலவைப் பற்றி யோசிக்கலாம்.

அப்பா போன மாதம் காலமானார். அவர் லைசென்ஸில் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. காட்டுப்பன்றிக்காக வாங்கியது. என்ன செய்ய?
– வாசகர், கீரிப்பாறை

லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது, அவரோடு முடிந்துவிட்டது. ஞாபகத்துக்காக வைத்திருக்கிறேன் என்று நாள் கடத்தினால் உங்கள் பேரில் வழக்கு வரும். காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்குக் கேட்க விதிகளில் இடம் இருக்கிறது, ஆனால் பயிற்சி, மருத்துவச் சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் உங்களுக்கும் உண்டு. ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்க முடியாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழலுக்குள் தோட்டா இருக்கிறதா என்று தெரியாவிட்டால் நீங்கள் மடக்கிப் பார்க்க வேண்டாம். பேருந்தில் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டும் போக வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டு, இறப்புச் சான்றிதழையும் லைசென்ஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு முதலில் காவல் நிலையத்துக்கு நீங்கள் மட்டும் போங்கள். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.